இன்னும் உடையலீங்கப்பா!

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போங்கள். '304 கிரேடு' என்று சொல்லி விற்ற எவர்சில்வர் சிங்க்கின் தட்டையான பக்கத்தில் வைத்தால், அது பிடிக்காமல் நழுவி விழும். அதே சிங்க்கின் மூலையில், தகட்டை அச்சில் அழுத்தி ஆழமாக இழுத்திருக்கும் வளைவில் வைத்துப் பாருங்கள். பல சிங்க்குகளில் லேசான ஒரு பிடிப்பு தெரியும். கடைக்காரர் மட்டத் தகட்டைக் கலந்துவிட்டார் என்று சண்டைக்குக் கிளம்ப வேண்டாம். தகடு ஒன்றுதான். வளைத்த இடத்தில் மட்டும், உள்ளே அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம் மாறிவிட்டது.

அந்த மாற்றத்தின் பின்னால் ஆறு வருடம் அலைந்தவள் கோவைக்காரி. சென்னையில் ஓர் ஆய்வகத்தில் அவள் செய்த முனைவர் பட்ட ஆய்வின் தலைப்பு இரண்டு வரி நீளம். சுருக்கமாகச் சொன்னால், எவர்சில்வருக்குள் ஹைட்ரஜன் புகுந்தால் அது எப்போது, எப்படி உடைகிறது என்பதுதான் விஷயம். துறைக்காரர்கள் இதை 'ஹைட்ரஜன் எம்ப்ரிட்டில்மென்ட்' என்பார்கள். வளைந்து கொடுக்க வேண்டிய உலோகம், ஹைட்ரஜன் ஏறியதும் முறுக்கு மாதிரி மொறுமொறுப்பாகிவிடுவது.

கல்யாண வீடுகளில் இதை விளக்குவது அவளுடைய அம்மாவின் பொறுப்பு.

"பொண்ணு என்ன படிக்குதுங்க?"

"டாக்டருக்குப் படிக்கறாங்க."

"எந்த ஆஸ்பத்திரிங்க?"

"ஆஸ்பத்திரி இல்லீங்க. இது இரும்பு டாக்டரு."

அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. சிலர் மட்டும், "இருபத்தெட்டு ஆச்சு, இருபத்தொம்பது ஆச்சு" என்று வயதைக் கணக்குப் போட்டுவிட்டுப் பந்திக்கு எழுந்து போவார்கள்.

அப்பாவுக்கு விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இரும்புக்கு ஹைட்ரஜன் என்ன செய்யும் என்பது அவருக்கு மகள் பிறப்பதற்கு முன்பே தெரியும். அந்தப் பெயர் மட்டும்தான் தெரியாது.

கணபதிப் பக்கம் ஒரு பிளேட்டிங் பட்டறையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர் அவர். போல்ட், நட்டு, ஸ்பிரிங் எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். ஆசிட் தொட்டியில் போட்டுத் துருவை எடுத்து, தண்ணீரில் அலசி, மின்சாரத் தொட்டியில் தொங்கவிட்டு, துத்தநாகப் பூச்சு ஏற்றி அனுப்ப வேண்டும். ஆசிட்டிலும் சரி, மின்சாரத் தொட்டியிலும் சரி, இரும்பின் மேல் ஹைட்ரஜன் பிறந்துகொண்டே இருக்கும். பெரும்பகுதி குமிழாகப் பறந்துவிடும். கொஞ்சம், இரண்டிரண்டாகச் சேர்ந்து வாயுவாக மாறுவதற்கு முன்பே, ஒற்றை அணுவாக இரும்புக்குள் நுழைந்துவிடும். ஹைட்ரஜனைவிடச் சின்ன அணு எடையில் வேறு எதுவும் கிடையாது. இரும்பு அணுக்களுக்கு நடுவில் இருக்கும் சந்து அதற்குப் போதும்.

சாதாரண போல்ட்டுக்கு இதனால் பெரிய ஆபத்தில்லை. தலையில் 12.9 என்று எண் அடித்திருக்கும் போல்ட்டுகள் வேறு சாதி. கடினமாக்கப்பட்ட, அதிக பலம் தாங்கும் உருக்கு அது. பலம் ஏற ஏற ஹைட்ரஜனைக் கண்டால் பயமும் ஏறும். பூச்சு முடிந்த சில மணி நேரத்துக்குள் அவற்றை ஓவனில் போட்டு, 200 டிகிரி வாக்கில் பல மணி நேரம் வாட்டி, உள்ளே போனதை வெளியேற்ற வேண்டும். இதற்குத் தொழிலில் பெயர் 'பேக்கிங்'. மூட்டை கட்டுவதற்கும் தமிழில் எழுதினால் அதே பேக்கிங். இந்த ஒரு சொல்லால் கோவைப் பட்டறைகளில் எத்தனை குழப்பம் நடந்திருக்கும் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை.

அப்படி ஒருநாள், லாரி வாசலில் நிற்க, ஆபீஸிலிருந்து போன்.

"பேக்கிங் ஆச்சா?"

"ஆச்சுங்க. வண்டி கிளம்பப்போகுதுங்க."

ஒரு வாரம் கழித்து போல்ட்டுகள் திரும்பி வந்தன. சாயங்காலம் முறுக்கி வைத்தவற்றில் சில, காலையில் தலை வேறு உடல் வேறாகக் கிடந்ததாம். யாரும் தொடவில்லை, எதுவும் மோதவில்லை. ஆசிட் தொட்டியில் அதிக நேரம் விட்டதுதான் காரணம் என்றது ஆபீஸ். தொட்டி அப்பாவின் பொறுப்பு. லாரிக்காக ஓவனைப் பாதியில் அணைத்தார்கள் என்றார் அப்பா. எழுத்தில் எதுவும் இல்லை. அந்த மாதக் கடைசியில் அவர் கணக்கு முடித்துக்கொண்டு வெளியே வந்தார். பிறகு ஓய்வு வரை ஓர் உதிரிபாகக் கடையில் பில் போட்டார். திரும்பி வந்த போல்ட்டுகளில் ஒன்றின் தலை மட்டும் வீட்டில், ஸ்குரூ டிரைவர் கிடக்கும் டப்பாவில் தங்கிவிட்டது. மகள் பள்ளிக்கூடக் காலத்தில் ஃபேன் காற்றுக்குப் பேப்பர் பறக்காமல் இருக்க அதைத்தான் வைத்துக்கொள்வாள்.

மெட்டலர்ஜி எடுத்துப் படிக்கப் போனபோது, இதற்காகத்தான் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. இதற்காக இல்லாமலும் இருந்திருக்கலாம். கட்-ஆஃப் மதிப்பெண்ணுக்குக் கிடைத்த பிரிவு அது.

முறுக்கிய போல்ட் மறுநாள் உடைவது கோவையில் மட்டும் நடக்கிற கதையில்லை. 2013 மார்ச்சில், சான் ஃபிரான்சிஸ்கோவையும் ஓக்லாண்டையும் இணைக்கும் புதிய பாலத்தில், மூன்று அங்குலக் கனமுள்ள நங்கூரக் கம்பிகள் 96-ஐ இறுக்கினார்கள். இரண்டு வாரத்துக்குள் 32 கம்பிகள் அறுந்தன. காரணம் ஹைட்ரஜன். அந்தப் பாலத்தைக் கட்டியவர்கள் கெட்டிக்காரர்கள்தான். இந்தப் பகைவன் வந்து போன தடம் வெளியே தெரியாது என்பதுதான் சிக்கல். எடை ஏறாது, நிறம் மாறாது. பத்து லட்சத்தில் ஒரு சில பங்கு புகுந்தாலே போதும்.

இது கண்டுபிடிக்கப்பட்டு 150 வருடம் ஆகிறது. 1875-இல் வில்லியம் ஜான்சன் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டியில் ஒரு கட்டுரை அளித்தார். ஆசிட்டில் சில நிமிடம் போட்டெடுத்த இரும்புக் கம்பி ஒரு தடவை மடக்கினாலே முறிகிறது. முறிந்த இடத்தை ஈரமாக்கினால் நுரைக்கிறது. கொஞ்ச நாள் சும்மா போட்டு வைத்தால் பழைய குணம் திரும்பிவிடுகிறது. இதை மகள் போனில் படித்துக் காட்டியபோது அப்பா, "இதுக்கு லண்டன் எதுக்குங்கண்ணு, எங்க தொட்டிக்கே வந்திருக்கலாமே" என்றார். ஆசிட்டிலிருந்து எடுத்த கம்பியை ரெண்டு நாள் வெயிலில் போடாமல் வளைக்கக் கூடாது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாத ஒரு பெரியவர்.

ஆனால் அப்பாவின் அறிவு அப்படியே எவர்சில்வருக்குச் செல்லாது. மகளின் சிரமம் அங்கேதான் ஆரம்பித்தது.

304 எவர்சில்வரில் இரும்போடு சுமார் 18 சதவிகிதம் குரோமியமும் 8 சதவிகிதம் நிக்கலும் இருக்கும். குரோமியம் துருவைத் தடுக்கும். நிக்கல், அணுக்களை வேறு மாதிரி நெருக்கமாக அடுக்கி நிறுத்தும். அந்த அடுக்குக்கு ஆஸ்டினைட் என்று பெயர். காந்தம் பிடிக்காதது அது. அதற்குள் ஹைட்ரஜன் நகரும் வேகம் பரிதாபம். சாதாரண இரும்பு மணல் என்றால் இது களிமண். அறை வெப்பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆஸ்டினைட்டைக் கடக்க ஹைட்ரஜனுக்கு நூறு வருடம் அளவுக்குப் பிடிக்கும். இதே தூரத்தைத் தூய இரும்பில் நிமிடக் கணக்கில் கடந்துவிடும்.

அப்படியானால் எவர்சில்வர் பாதுகாப்புதானே என்று தோன்றும். நேரான, வளைக்காத, இழுக்காத எவர்சில்வர் ஓரளவு பாதுகாப்புதான். வளைத்தால், அறை வெப்பத்தில் அழுத்தி இழுத்தால், ஆஸ்டினைட்டின் ஒரு பகுதி மார்ட்டன்சைட் என்ற வேறோர் அடுக்காக மாறிவிடுகிறது. சிங்க் மூலையில் காந்தத்தைப் பிடிப்பது இதுதான். மார்ட்டன்சைட் மணல் குணம் கொண்டது. களிமண் கரைக்குள் மணல் ஓடை ஓடினால் தண்ணீர் எந்த வழியாகப் போகும்? அந்த ஓடை வழியாக ஹைட்ரஜன் ஓடுகிறது. மார்ட்டன்சைட் கடினமானது, சட்டென்று முறியக்கூடியதும்கூட.

சமையலறைக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. சிங்க்குக்குள்ளும் தூக்குப்போசிக்குள்ளும் யாரும் ஹைட்ரஜனை அடைத்து வைப்பதில்லை. அடைத்து வைக்கப்போகும் இடங்கள் இப்போது பெருகிவருகின்றன. 2023 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புதல் தந்த பசுமை ஹைட்ரஜன் திட்டத்தின் இலக்கு, 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தி. பெரம்பூர் ஐ.சி.எஃப்-பில் ஹைட்ரஜனில் ஓடும் ரயில் பெட்டியை 2025 ஜூலையில் சோதித்தார்கள். ஹைட்ரஜன் கார்களின் தொட்டியில் அழுத்தம் 700 பார். உங்கள் கார் டயரில் இருப்பது இரண்டு, இரண்டரை. இந்த அழுத்தத்தைச் சுமந்துபோகும் மெல்லிய குழாய்கள் பெரும்பாலும் எவர்சில்வர். குழாய் என்றால் எங்காவது வளைத்துத்தான் ஆக வேண்டும்.

நிக்கல் அதிகம் உள்ள 316 ரகம் இதற்கு நல்லது. அதில் 10 முதல் 14 சதவிகிதம் நிக்கல். வளைத்தாலும் லேசில் மார்ட்டன்சைட்டாக மாறாது. விலை அதிகம், நிக்கலுக்கு நாம் பெரும்பாலும் வெளிநாட்டைத்தான் நம்பியிருக்கிறோம். எனவே, 'இந்த இடத்துக்கு 304 போதாதா?' என்று கேட்காத கொள்முதல் அதிகாரி கிடையாது. நியாயமான கேள்விதான். எந்த இடத்துக்குப் போதும், எந்த வளைவுக்குப் போதாது என்று பதில் சொல்ல வேண்டுமானால் யாராவது உட்கார்ந்து உடைத்துப் பார்க்க வேண்டும்.

பதில் தெரியாமல் பொருத்தினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. 2012 மே மாதம், கலிஃபோர்னியாவில் எமரிவில் என்ற ஊரின் பஸ் டிப்போவில் இருந்த ஹைட்ரஜன் நிலையத்தில், அழுத்தம் அதிகமானால் திறந்து காப்பாற்ற வேண்டிய வால்வு உடைந்தது. வெளியேறிய ஹைட்ரஜன் தீப்பிடித்தது. யாருக்கும் காயமில்லை. விசாரித்ததில், வால்வுக்குள் இருந்த ஒரு பாகம் 440சி என்ற ரகம். கத்திக்கும் பேரிங்குக்கும் அருமையான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அது. அடிப்படையிலேயே மார்ட்டன்சைட். ஹைட்ரஜன் பக்கத்தில் வைக்கவே கூடாதது. 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்ற ஒரே பெயரில் எத்தனை வேறு வேறு உலோகங்கள் கிடக்கின்றன என்பது விலைப்பட்டியலைப் பார்த்தால் தெரியாது.

அவள் 2019-இல் சேர்ந்தாள். முதல் வருடம் பாடங்கள். பரிசோதனை ஆரம்பிக்கும் நேரத்தில் கொரோனா. விடுதியைக் காலி செய்யச் சொல்லி, கோவையில் எட்டு மாதம். உதவித்தொகை ஐந்து வருடத்துக்குத்தான். ஊரடங்கில் போன மாதங்களும் அந்தக் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன.

திரும்பி வந்தபின் முதல் பிரச்னை, ஹைட்ரஜனை எவர்சில்வருக்குள் ஏற்றுவது. நூறு வருடம் காத்திருக்க முடியாதல்லவா? அப்பாவின் தொட்டி மாதிரியே ஒரு கண்ணாடிக் குவளையில் ஆசிட்டும் மின்சாரமும் வைத்து வாரக் கணக்கில் ஏற்றினாள். மேல்தோலில் மட்டும் ஏறியது. இழுத்தால் தோல் வெடித்தது, உள்ளே இருந்த உலோகம் ஒன்றும் நடக்காததுபோல் நீண்டது. கடைசியில், 300 டிகிரி சூட்டில், அழுத்தம் நிறைந்த ஹைட்ரஜன் வாயுவுக்குள் துண்டுகளை நாள் கணக்கில் ஊறவைப்பதுதான் வழி என்று முடிவாயிற்று. அந்தச் சூட்டில் களிமண்ணும் கொஞ்சம் வழிவிடும். அந்தச் சாதனம் வேறோர் ஊரில் இருந்தது. வரிசையில் காத்திருந்து, துண்டுகளை ஏற்றி எடுத்து, உலர்பனி பெட்டியில் வைத்து ரயிலில் மடியிலேயே கொண்டுவந்தாள். பக்கத்து இருக்கை அம்மா, "மருந்தாம்மா?" என்று கேட்டாராம். ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.

இரண்டாவது பிரச்னை வேகம். உண்மையில் அவளுடைய ஆறு வருடமும் இந்த ஒன்றில்தான் இருக்கிறது.

ஓர் உலோகத்துண்டின் பலத்தை அறிய இரண்டு முனையையும் பிடித்து இழுப்பார்கள். சாதாரண வேகத்தில் 304 துண்டு ஒன்று தன் நீளத்தில் பாதி அளவு நீண்டு அறுவதற்கு எட்டு, ஒன்பது நிமிடம் ஆகும். டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும். அந்த வேகத்தில் இழுத்தால், ஹைட்ரஜன் ஏற்றிய துண்டும் ஏற்றாத துண்டும் பெரிய வித்தியாசம் காட்டாமல் தப்பித்துவிடக்கூடும். விரிசல் விழப்போகும் இடத்துக்கு ஹைட்ரஜன் நகர்ந்து வந்து சேர நேரம் வேண்டும். அதற்கு அவகாசம் கொடுத்து, ஆயிரம் மடங்கு மெதுவாக இழுக்க வேண்டும். 25 மில்லிமீட்டர் துண்டு ஒரு நாள் முழுக்க இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் நீளும். எட்டு நிமிட வேலை கிட்டத்தட்ட ஆறு நாள்.

இயந்திரம் ஓடுகிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கணினித் திரையில் ஒரு கோடு, எறும்புகூட முந்திவிடும் வேகத்தில் ஊரும். நடுவில் கரன்ட் போய், யு.பி.எஸ்-சும் கைவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. ஒரு ஐப்பசி மழையில் நான்காம் நாள் அப்படிப் போனது. துண்டு, அதற்குள் ஏற்றிய ஹைட்ரஜன், ரயில் பயணம், எல்லாமும் சேர்ந்து.

அந்த நாள்களில்தான் அப்பாவின் போன் வழக்கமானது. இரவு எட்டரைக்கு, செய்தி முடிந்ததும்.

"ஏங்கண்ணு, உடைஞ்சுதா?"

"இன்னும் உடையலீங்கப்பா."

"சாப்டியா?"

"சாப்டேங்ப்பா."

அவ்வளவுதான் பேச்சு. உடைந்த நாளில் மட்டும் எங்கே உடைந்தது, நடுவிலா ஓரத்திலா, கழுத்து மெலிந்ததா, வெடுக்கென்று போனதா என்று பத்து நிமிடம் நீளும். அவளுடைய வழிகாட்டிகூட அவ்வளவு கேட்டதில்லை.

நான்கு வகைத் துண்டுகள் அவளிடம் இருந்தன. வந்தபடியே இருப்பது ஒன்று, குழாய் வளைவில் நடப்பதைப் போல முன்கூட்டியே குளிர்நிலையில் இழுத்து வைத்தது ஒன்று. இரண்டிலும் ஹைட்ரஜன் ஏற்றியது, ஏற்றாதது. ஒவ்வொரு வகைக்கும் மூன்று முறையாவது செய்ய வேண்டும். ஆக, பன்னிரண்டு. இயந்திரம் பொதுச் சொத்து. அவள் முறை மாதத்தில் ஒரு வாரம். எதுவும் கெடாமல் இருந்தாலே ஒரு வருடம். கெடாமலா இருக்கும்?

2024 நடுவில் உதவித்தொகை நின்றது. மாதம் 42,000 ரூபாய் வந்துகொண்டிருந்த இடத்தில் பூஜ்யம். விடுதிக் கட்டணம் நிற்கவில்லை. ஐந்து துண்டுகள் பாக்கி. நலம் விரும்பி ஒருவர் யோசனை சொன்னார். வேகத்தைப் பத்து மடங்கு கூட்டிவிடு, பதினான்கு மணி நேரத்தில் ஒன்று முடியும், காலையில் போட்டால் ராத்திரி எடுத்துவிடலாம், ஒரே வாரத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். இதில் பொய் ஏதும் இல்லை. எந்த வேகத்தில் இழுத்தோம் என்று எழுதிவிட்டால் போதும். எத்தனையோ ஆய்வுகள் அந்த வேகத்தில் நடந்தவைதான். ஒரே குறை, முதல் ஏழு துண்டுகள் ஒரு வேகம், கடைசி ஐந்து வேறு வேகம் என்றாகும். கடைசி ஐந்தும் ஹைட்ரஜன் ஏற்றியவை. வேகத்தைக் கூட்டினால் அவை இருப்பதைவிட நல்லவையாகத் தெரிய வாய்ப்பு உண்டு.

அன்று இரவு போனில் இதைச் சொன்னாள். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மாசம் எவ்வளவுங்கண்ணு ஆகும் அங்க?"

"பன்னெண்டாயிரம் இருந்தா சமாளிச்சுக்குவேன்."

"சரி."

முதல் தேதி பணம் வந்தது. அடுத்த ஏழு மாதமும் வந்தது. அம்மாவின் வளையல் ஒன்று குறைந்ததை அவள் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோதுதான் பார்த்தாள். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. விவரம் தெரிந்திருந்தால் அவள் வேகத்தைக் கூட்டியிருப்பாள். அது தெரிந்துதான் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும்.

ஐந்தும் மெதுவாகவே உடைந்தன. எதிர்பார்த்த வரிசையில்தான். ஹைட்ரஜன் ஏற்றாதவை நன்றாக நீண்டு, நடுவில் மெலிந்து அறுந்தன. ஏற்றியவை சீக்கிரம் விட்டன. முன்கூட்டியே இழுத்து, பிறகு ஹைட்ரஜன் ஏற்றியவை எல்லாவற்றுக்கும் முந்தின. ஒன்று இரண்டாம் நாள் காலையிலேயே, மெலியக்கூட இல்லாமல்.

உடைந்த முகத்தை எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பல நூறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் கதை தெரிந்துவிடும். நல்லபடியாக நீண்டு அறுந்த உலோகத்தின் முகம் பணியாரக்கல் மாதிரி, குழி குழியாக இருக்கும். ஹைட்ரஜன் கைவைத்தது கற்கண்டை உடைத்ததுபோல், தட்டை தட்டையான முகங்களோடு இருக்கும். பொங்கலுக்குக் கொண்டுபோன லேப்டாப்பில் இரண்டு படங்களையும் அப்பாவுக்குக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்துபோய் ஸ்குரூ டிரைவர் டப்பாவைக் கவிழ்த்தார்.

அந்த போல்ட் தலையை அவர் நீட்டவில்லை. மேஜை மேல் வைத்தார். அவ்வளவுதான்.

அவள் அதைச் சென்னைக்கு எடுத்துப்போனாள். இருபது வருடத் துரு உடைந்த முகத்தை முழுக்க மூடியிருந்தது. ஆசிட்டில் போட்டால் துருவோடு சேர்ந்து முகமும் போய்விடும். அதற்கென்று இருக்கும் மென்மையான கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுத்தம் செய்தாள். பெரும்பகுதி அரித்துப்போயிருந்தது. ஒரு மூலையில் மட்டும், மிளகளவு இடத்தில், கற்கண்டு முகங்கள் தெரிந்தன. ஹைட்ரஜன்தான் என்று சொல்வதற்கு அது ஓரளவு போதும். தொட்டியில் அதிக நேரம் விட்டதால் ஏறிய ஹைட்ரஜனா, ஓவனைப் பாதியில் அணைத்ததால் வெளியேறாமல் போன ஹைட்ரஜனா என்று எந்த மைக்ரோஸ்கோப்பும் சொல்லாது. இரண்டும் ஒரே முகத்தைத்தான் விட்டுச்செல்லும்.

அதை அப்படியே அப்பாவிடம் சொன்னாள். ஓவன்தான் காரணம் என்று ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லியிருக்கலாம். யார் சரிபார்க்கப்போகிறார்கள்? அவர் கேட்டுவிட்டு, "அந்த மூலை ஃபோட்டோவை மட்டும் வாட்ஸ்அப்புல அனுப்புங்கண்ணு" என்றார்.

பொது வாய்மொழித் தேர்வு 2025 செப்டம்பரில் நடந்தது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். அப்பாவும் அம்மாவும் முதல்நாள் இரவு சேரனில் கிளம்பி வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் குளிரைப் பற்றிக் கேட்டார். நல்ல கேள்வி அது. 304 எவர்சில்வருக்கு ஹைட்ரஜனோடு சேர்ந்தால் மிக மோசமான வெப்பநிலை உறைபனிக்கும் கீழே, மைனஸ் 70 டிகிரி வாக்கில். கார் தொட்டியில் வேகமாக நிரப்பும்போது சூடு ஏறாமலிருக்க, ஹைட்ரஜனை மைனஸ் 40 வரை குளிர்வித்துத்தான் அனுப்புகிறார்கள். தன் சோதனைகள் அறை வெப்பத்தில் செய்தவை, குளிரில் நிலைமை இதைவிட மோசமாகத்தான் இருக்கும் என்று ஒப்புக்கொண்டு பதில் சொன்னாள்.

"அவையில் வேறு யாருக்காவது கேள்வி?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். சடங்காகக் கேட்பது. யாரும் கேட்க மாட்டார்கள். கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"வளைச்ச குழாயை மறுபடி சூடு காட்டினா காந்தம் விட்டுருமுங்களா?"

தேர்வாளருக்குத் தமிழ் தெரியாது. அவளே மொழிபெயர்த்தாள். பிறகு அவளே பதில் சொன்னாள். விட்டுவிடும். ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்தால், மார்ட்டன்சைட் திரும்பவும் ஆஸ்டினைட்டாகும், காந்தம் பிடிக்காது. ஆனால் பொருத்துவதற்கு முன்பே செய்ய வேண்டும், மாட்டிய குழாயில் முடியாது. செலவும் கூடும்.

"அப்ப வளைச்சதும் ஒரு காந்தத்தை வெச்சுப் பாத்து, புடிச்சா மட்டும் சூடு காட்டினாப் போதுமில்லீங்களா? எல்லாத்துக்கும் எதுக்கு?"

அதையும் மொழிபெயர்த்தாள். தேர்வாளர் பேனாவை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார். கேள்வி கேட்டவர் எந்த நிறுவனம் என்று விசாரித்தார்.

"பிளேட்டிங்" என்றார் அப்பா.

பட்டம் பரிந்துரைக்கப்பட்டது. சில திருத்தங்களோடு. அதில் ஒன்று, வளைவுகளைக் காந்தத்தால் சோதித்துத் தேவையானதை மட்டும் சூடாக்குவது குறித்துக் கடைசி அத்தியாயத்தில் ஒரு பகுதி சேர்க்க வேண்டும் என்பது. அதை எழுதி முடிக்க அவளுக்கு இன்னும் மூன்று வாரம் பிடித்தது.